கரிசல் நிலத்துக் கடைக்கால்

எம் வீட்டுப் பின்னறையின் தென்சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கிற்று. ஆண்டுதோறும் நாட்காட்டி மாறும். அது தொங்கும் இடம் மாறுவதில்லை. சன்னலின் மேல்மூலையை ஒட்டி, எட்டிப் பார்த்தாலன்றித் தேதி தெரியாத உயரத்தில் அதனை மாட்டுவானேன் என்று யாம் சிறுவராய் இருந்தபோது ஒருமுறை வினவினோம். எந்தையார் விடை கூறினாரில்லை. பின்னர் ஒரு நாள் ஆடிக் காற்றில் அது பறந்து ஒதுங்கிற்று. அதன் பின்னே சுவர் பிளந்து கிடந்தது. பிளவினூடே வெளியே நின்ற வேம்பின் இலை தெரிந்தது.

எம் ஊர் பந்தல்குடி. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, மதுரையினின்று தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. சுற்றிலும் கரிசல். கோடையில் இந்நிலம் வாய் பிளக்கும். அவ்வெடிப்பிலே கம்பை விட்டால் அடி தட்டாது. ஆட்டுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும். ஐப்பசியில் மழை இறங்கியதும் அதே நிலம் களியாகிச் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விடும். பருத்திக்கும் மிளகாய்க்கும் கொத்தமல்லிக்கும் இதனினும் உவந்த மண் இல்லை. உண்ட நீரை நெடுநாள் வைத்திருந்து வேருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். பயிருக்கு நன்மையான அக்குணமே வீட்டுக்குக் கேடாய் முடிகின்றது. எம் ஊர்த் தெருக்களில் நடந்து சன்னல் மூலைகளை நோக்குவார்க்கு இஃது எளிதிற் புலனாகும். பலர் இதற்குக் கண்ணேறு என்று காரணம் கூறிப் பூசணிக்காய் கட்டுவர். எம் இல்லத்தார் கிறிஸ்தவராதலின் பூசணிக்காய் கட்டாமல் நாட்காட்டி கட்டினர்.

எம் நாட்டுக் கொத்தனார்கள் அஸ்திவாரத்தைக் கடைக்கால் என்பர். அதற்காகத் தோண்டும் பள்ளத்தை வானம் என்பர். "வானம் தோண்டியாயிற்றா?" என்று அவர்கள் வினவுங்கால் தமிழ் பயிலும் எமக்கு ஒரு கணம் மயக்கம் உண்டாகும். வாணம் என்று ணகரம் இட்டு எழுதுவாரும் உளர். எது திருந்திய வடிவம் என்று எம் ஆசிரியர் ஒருவரைக் கேட்டோம். "இரண்டும் வழக்கில் உள, நீர் முதலில் உம் வீட்டைப் பாரும்" என்றனர். அவர் கூறியவாறே பார்த்ததன் பயன் இக்கட்டுரை.

எம் பாட்டனார் இளமையிற் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவர். பந்தல்குடி மண்ணுக்கு அடியிற் சுண்ணாம்புக்கல் உண்டு. இன்றும் அதனை வெட்டிச் சிமெண்டு ஆலைக்கு அனுப்புகின்றனர். கரிசலைத் தோண்டிக்கொண்டே போனால் ஓர் ஆழத்தில் வெண்மையான முண்டும் முடிச்சுமாகச் சுக்கான் தட்டும். கடப்பாரையின் ஓசை அவ்விடத்தில் மாறும். பாட்டனார் தம் வீட்டைக் கட்டியபோது அவ்வோசை கேட்கும்வரை வானத்தை இறக்கினராம். மலைப்பிரசங்கத்தின் இறுதியில் வரும் இரு வீட்டு உவமையைப் பற்றி அவர்க்கு ஒரு கருத்து உண்டு. மத்தேயு கற்பாறையையும் மணலையும் சொல்லி நிறுத்திக்கொண்டார். லூக்காவோ அம்மனிதன் ஆழமாய்த் தோண்டினான் என்பதையும் சேர்த்து எழுதினார். ஆகையால் வீடு கட்டுகிறவன் லூக்காவையே வாசிக்க வேண்டும் என்பர். இரு நற்செய்தியாளரும் கரிசலைப் பற்றி ஒன்றும் கூறாதது அவர்க்குச் சிறிது மனக்குறையே.

2012ஆம் ஆண்டு வைகாசியில் எந்தையார் பழைய வீட்டின் மேல்புறத்தே ஓர் அறை எழுப்ப முற்பட்டார். அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர். கடன் வாங்கிய பணம். மழைக்கு முன் கூரை முடிய வேண்டும். மூன்றடி ஆழத்தில் வானம் நின்றது. பாட்டனார் வந்து கடப்பாரையை ஊன்றிப் பார்த்து, "சுக்கான் தட்டலையே, இன்னும் இறக்கணும்" என்றார். வேலையை ஒப்புக்கொண்டிருந்த மேஸ்திரியோ, "மூணடி போதுங்க, மேலே பெல்ட்டு போட்டுட்டா அசையாது" என்றார். எந்தையார் மேஸ்திரியின் சொல்லை ஏற்றார். அன்று தந்தைக்கும் மகனுக்கும் நடந்த பேச்சை யாம் ஈண்டு எழுதோம். அறை முடிந்து செபமும் விருந்தும் நடந்தன. பாட்டனார் வாயிற்படிவரை வந்து திரும்பினார். 2015ஆம் ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை அவ்வறையில் ஒரு நாளும் படுத்தாரில்லை. அப்பொழுது அறையில் ஒரு கீறலும் கிடையாது.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது. வழக்கமாகப் பெய்வதில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் அரசினர் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சியுற்றவை என்று அறிவித்தனர். அவ்வாண்டுப் பங்குனியிலேதான் நாட்காட்டி தென்சுவருக்கு இடம்பெயர்ந்தது என்று அன்னையார் பின்னர் எமக்குக் கூறினார்.

அதன் பின் ஆண்டுதோறும் ஒரு சடங்கு நடந்தது. கோடை விடுமுறையில் எந்தையார் சிமெண்டும் மணலும் குழைத்து வெடிப்பை அடைத்து வெள்ளையடிப்பார். மழைக்குப் பின் சுவரின் வேறோர் இடத்திற் புதிய கீறல் தோன்றும். கதவு சில மாதம் இறுகிச் சில மாதம் நெகிழும். கதவையே இழைத்து இழைத்து அதன் ஒரு பக்கம் தேய்ந்துபோயிற்று.

2024ஆம் ஆண்டு யாம் இக்கல்லூரியிற் சேரவிருந்த சமயம், எம் தமக்கையார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதாக ஏற்பாடாயிற்று. பின்னறையே அவர்க்கென்று முடிவு செய்தனர். அதனை ஒருமுறை நன்றாய் அடைத்துப் பூசிச் சாயம் தீட்டிவிட வேண்டும் என்று எந்தையார் ஊரில் முதிர்ந்த ஒரு கொத்தனாரை அழைத்தார். அவர் பாட்டனாரொடு பழகியவர். சுவரைத் தொடவேயில்லை. வெளியே போய் அறையை ஒருமுறை சுற்றி வந்தார். தென்மேற்கு மூலைக்குப் பன்னிரண்டடி தள்ளி எம் பாட்டியார் வைத்த வேப்பமரம் நிற்பதையும், வடமேற்கு மூலையைத் தொட்டுக் குளியலறைத் தண்ணீர் வாழைக்குப் பாய்வதையும் பார்த்தார். "வாத்தியாரய்யா, சுவத்துக்கு ஒண்ணும் இல்லை, காலுக்குத்தான் நோவு. இப்பப் பூசுனா உங்க காசு போகும், அவ்வளவுதான். ஒரு வருசம் பாருங்க" என்றார்.

ஓராண்டு பார்ப்பதா? தமக்கையார்க்கு ஆவணியில் நாள் குறித்திருந்தது. எந்தையார் சினந்தார். கொத்தனார் போன பின் தாமே கரண்டியை எடுத்தார். அன்றிரவு பாட்டியார், "பச்சப்பிள்ளய அந்தச் சுவரடியில போட நான் சம்மதிக்க மாட்டேன்" என்று ஒரே சொல்லாய்ச் சொல்லிவிட்டார். தமக்கையார் முன்னறைக்கு வந்தார். பாட்டனார் கட்டிய அறையிலேதான் எம் மருமகன் தன் முதல் மாதங்களைக் கழித்தான்.

ஆயினும் ஓராண்டு பார்க்கும் தொழில் எம் தலையில் வந்து விழுந்தது. எந்தையார், "உனக்குத்தான் ஓய்வு இருக்கிறதே" என்றார். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்கு ஓய்வு மிகுதி என்பது எம் குடும்பத்தில் வேரூன்றிய கொள்கை.

சுவரிற் காணும் கீறல் அனைத்தும் கடைக்காலின் நோய் அல்ல. பூச்சில் மட்டும் வலைபோற் பரவும் மயிரிழைகள் பூச்சு உலர்ந்ததன் குறி, அவற்றால் அச்சமில்லை. பழைய சுவரும் புதிய சுவரும் கூடும் இடத்தில் நேரே நிற்கும் கோடு, இரண்டும் சரியாய்ப் பிணைக்கப்படாததன் குறியாக இருக்கலாம். அஞ்சத்தக்கது, சன்னல் அல்லது கதவின் மூலையிற் பிறந்து, செங்கல்லின் இடைச்சந்துகளிற் படிப்படியாய் ஏறிச் சாய்வாய்ச் செல்லும் பிளவு. அதிலும் எப்பக்கம் அகன்றிருக்கின்றது என்று பார்த்தல் வேண்டும். வீட்டின் ஓரமோ மூலையோ தாழ்ந்தால் பிளவு மேலே அகன்று கீழே ஒடுங்கும். நடுப்பகுதி தாழ்ந்தால் கீழே அகன்று மேலே ஒடுங்கும். எம் தென்சுவர்ப் பிளவின் மேல்முனையிற் பென்சில் நுழைந்தது. கீழ்முனையில் அதன் கூரும் நுழையவில்லை. அகலத்துக்கும் அளவை உண்டு. இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டதைச் சிறிது என்றும், 5 முதல் 15 வரை நடுத்தரம் என்றும், 15 முதல் 25 வரை கடுமை என்றும், அதற்கு மேற்பட்டதை மிகக் கடுமை என்றும் வகுத்துள்ளனர். எம் வீடு நடுத்தரத்துள் அடங்கிற்று. தேர்விலும் யாம் பெரும்பாலும் அவ்வகுப்பே.

அகலத்தினும் முதன்மையானது அசைவு. நின்றுபோன பிளவு வேறு. உயிருள்ள பிளவு வேறு. இதனை அறியக் கொத்தனார் கூறிய வழி எளிது. பிளவின் இருபுறமும் இரண்டு ஆணி அடித்து அவற்றின் இடைவெளியை மாதந்தோறும் அளந்து எழுதுக. பிளவின் முனையிற் பென்சிலாற் கோடிட்டு நாளைக் குறிக்க. குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் சாந்திட்டு ஒட்டுக. சுவர் அசையின் அது முறியும். தாவரவியற் பகுதி நண்பர் ஒருவர் நுண்ணோக்கிக்குரிய கண்ணாடிச் சில்லுகள் மூன்றைத் தந்தார். தென்சுவரில் ஒன்றும், மேற்சுவரில் ஒன்றும், பழைய வீட்டொடு கூடும் இடத்தில் ஒன்றுமாக ஒட்டினோம். தென்சுவர் ஆணிகளின் இடைவெளி 2024 ஜூனில் 62 மில்லிமீட்டர். கார்த்திகையில் முதற் சில்லு முறிந்தது. டிசம்பர் இறுதியில் இடைவெளி 57. மறுபடி 2025 மே மாதத்தில் 63. சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது!

இவ்வெண்களைக் கண்ட பின்னரே எந்தையாரின் ஆண்டுச் சடங்கு எத்துணைப் பிழைபட்டது என்பது விளங்கிற்று. கோடையிற் பிளவு அகன்றிருக்கும்போது அதனைச் சிமெண்டால் இறுக அடைத்தோம். மழையில் மண் பருத்து மூலையை மேலே தூக்கும்போது பிளவு மூட வேண்டும், மூட இடமில்லை. அடைத்த சாந்து ஆப்பாய் நின்று சுவரை வேறிடத்திற் பிளந்தது. ஆப்பசைத்த குரங்கின் கதையை யாவரும் அறிவர். ஆப்பை ஆண்டுதோறும் பெரிதாக்கிக்கொண்டு வந்த குடும்பத்தின் கதையை எவரும் எழுதினாரில்லை.

மண் இவ்வாறு பருப்பதும் சுருங்குவதும் எதனால்? கரிசலில் மான்ட்மோரில்லனைட் என்னும் களிப்பொருள் மிகுதி. பிரான்சு நாட்டு ஊர் ஒன்றின் பெயரால் வழங்குவது. அதன் துகள்கள் மிக மெல்லிய தகடுகளின் அடுக்கு. ஓலைச் சுவடியின் ஏடுகளுக்கிடையே ஈரம் புகுந்தாற் கட்டு உப்புமன்றோ? அவ்வாறே தகடுகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை விலக்குகின்றது. உலர்ந்தால் அடுக்கு மீண்டும் ஒடுங்குகின்றது. இதனை அளக்க இந்தியத் தர நிறுவனத்தார் வகுத்த சோதனை ஒன்றை விடுதி அறையிற் செய்து பார்த்தோம். மூன்றடி ஆழத்து மண்ணை உலர்த்திப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையிற் சலித்து, பத்துப் பத்துக் கிராமாக இரண்டு அளவுக் குழல்களில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் 100 மில்லிலிட்டர் வரை நிரப்பி, ஒரு முழு நாள் அசையாமல் வைத்தோம். மண்ணெண்ணெயில் மண் 11இல் நின்றது. அதன் பெயரில் மண் இருப்பினும் மண் அதனை ஏற்பதில்லை. நீரில் 21வரை ஏறிற்று. அஃதாவது 91 விழுக்காடு வீக்கம். 50க்கு மேற்பட்டால் கருத்தாயிருக்க வேண்டும் என்பதும் 100க்கு மேற்பட்டால் இடர் என்பதும் நூல் வழக்கு. அறைத் தோழர் குழல்களை நோக்கி, "உன் வீடு இதன்மேலா நிற்கிறது?" என்றார். "நிற்கவில்லை என்பதுதானே பேச்சு" என்றோம்.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். நிலம் முழுதும் ஒருங்கே எழுந்து ஒருங்கே தாழுமாயின் சிறிய வீடு தோணிபோல் அதன்மேல் இருந்துவிடும். ஒரு மூலை ஈரமாயும் மறுமூலை உலர்ந்தும் இருப்பதே சுவரை முறிக்கின்றது. எம் வீட்டில் வடமேற்கு மூலை குளியலறை நீரால் ஆண்டு முழுதும் பருத்தே இருந்தது. தென்மேற்கு மூலையின் ஈரத்தை வேம்பு உறிஞ்சிக்கொண்டிருந்தது. கொத்தனார் நீர் நிரப்பிய நெகிழிக் குழாயைக் கொண்டு சுற்றிலும் மட்டம் பார்த்தார். இரு மூலைக்கும் ஒன்றரை அங்குல வேற்றுமை. கிழக்கே பழைய வீடு சுக்கான்மேல் அசையாது நின்றது. அதனொடு ஒட்டிய புதிய அறை இருபுறமும் ஆடிற்று. ஆகவே மருத்துவம் சுவருக்கு வெளியே தொடங்குவதாயிற்று.

முதலில் மரத்தின் மேற் பழி விழுந்தது. எந்தையாரும் கொத்தனாரும் வெட்டிவிடலாம் என்றனர். பாட்டியார் எதிர்த்துப் பேசவில்லை. மரத்தடியிற் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். இவ்விடத்தில் எம் நூலக உழைப்பு ஒருமுறையேனும் பயன்பட்டது. களிமண்ணில் வீட்டினும் மூத்த மரத்தை வெட்டினால், அது நெடுநாளாய் உலர்த்தி வைத்திருந்த மண் ஆண்டுக் கணக்காய் நீர் ஏற்று மெல்ல மெல்லப் பருக்கும். தாழ்ந்த மூலை மேலே எழும். பிளவு மறுபுறம் பிறக்கும் என்று பொறியியல் நூலார் எச்சரிக்கின்றனர். வேம்பு அறைக்குப் பதினைந்து ஆண்டு மூத்தது. கோடைக்கு முன் கிளைகளைக் கழித்து அதன் நீர்வேட்கையைக் குறைத்தலே தக்கது என்று எடுத்துரைத்தோம். கொத்தனார் சிறிது நேரம் எண்ணி, "அதுவும் சரிதான் தம்பி" என்றார். பாட்டியார் கட்டிலை எடுத்து உள்ளே வைத்தார்.

குளியலறை நீரைக் குழாய் வழியே முப்பதடி தள்ளித் தென்னைக்குக் கொண்டுபோனோம். வாழை பட்டுப்போயிற்று, அன்னையார்க்கு அவ்வருத்தம் இன்னும் உண்டு.

அடுத்தது கடைக்காலை ஆழப்படுத்தல். 2025 மே விடுமுறையில் தொடங்கினோம். நிற்கும் சுவரின் அடியைத் தோண்டுவது என்றால் கேட்பார்க்கு நடுக்கம் உண்டாகும், அந்நடுக்கம் நியாயமே. முழு நீளத்தையும் ஒருங்கே தோண்டினாற் சுவர் குழியில் வந்து உட்காரும். எனவே தென்சுவரையும் மேற்சுவரையும் நான்கு நான்கு அடியாகப் பிரித்துச் சுண்ணக்கட்டியால் 1 முதல் 7 வரை எண்ணிட்டார் கொத்தனார். முதலில் 1, 4, 7. அவை கெட்டிப்பட்ட பின் 2, 5. இறுதியில் 3, 6. அடுத்தடுத்த குழி இரண்டு ஒரு நாளும் ஒருங்கே திறந்திருத்தல் ஆகாது. கரிசற் குழியின் பக்கம் சொல்லாமற் சரிவது. ஆதலின் இருபுறமும் பலகை வைத்துச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்தனர். அம்முட்டு இல்லாமல் எம்மைக் குழியில் இறங்கவிடவில்லை. ஏழே கால் அடியிற் கடப்பாரையின் ஓசை மாறிற்று. பாட்டனார் சொல்லிக் கேட்ட அவ்வோசையை அன்றே முதன்முதற் கேட்டோம்.

அன்று மாலை எந்தையார் குழியருகே வந்தார். அவ்விடத்திற் பழைய வீட்டின் கடைக்காலும் புதியதும் அருகருகே தெரிந்தன. பழையது கல்லும் சுண்ணாம்புமாய்ச் சுக்கான்வரை இறங்கி நின்றது. புதியது மூன்றடியில் முடிந்து, அதன் கீழே வெறும் கரிசல், நடுவே ஓர் அங்குல வெற்றிடம். எந்தையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கினார். அவ்வெற்றிடத்திற் கையை விட்டுப் பார்த்தார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை. பின்பு, "அப்பா அன்னைக்கே சொன்னார்" என்றார். கொத்தனார், "நானும் அன்னைக்கு இங்கனதான் நின்னேன், வாத்தியாரய்யா. பணத்துக்கு நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றார். மறுநாள் முதல் எந்தையாரும் மண் சுமந்தார்.

குழியில் நின்றபோது எமக்கு வேறொருவர் நினைவு வந்தது. இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரத்துப் பேராலயத்தின் கீழ்ப்பகுதி, 13ஆம் நூற்றாண்டில், சேறும் மக்கிய தழையும் கலந்த நிலத்தில் மரக்கட்டைகளைப் பரப்பி அதன்மேற் கட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சாய்ந்து பிளந்தது. அடியைத் தோண்டினால் குழியில் நீர் நிறைந்தது. நீரை இறைத்தால் கட்டடமே விழும் என்று அஞ்சினர். வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பாளர் 1906 முதல் 1911வரை அந்நீருக்குள் இறங்கி, கலங்கலில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத இருளிற் கையாலே தடவித் தடவி, 25,000க்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அடித்தளத்தைத் தாங்கினார். அவர் பணியின் முறையும் எம் கொத்தனார் முறையும் ஒன்றே: சிறிது தோண்டு, அதனை நிரப்பு, அடுத்ததற்குப் போ. எமக்கு வெளிச்சமும் இருந்தது. நான்கு மணிக்குக் காப்பியும் வந்தது.

குழியைப் பழைய கடைக்காலுக்கு மூன்றங்குலம் கீழேவரை கான்கிரீட்டால் நிரப்பினர். முழுதும் நிரப்பாதது ஏன் என்று கேட்டோம். கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். முழுதும் நிரப்பினால் மேலே மயிரிடை விட்டுச் சுவரைத் தாங்காமல் நிற்கும். ஆகவே அது சுருங்கி முடிந்த பின், ஈரம் ஒட்டியும் ஒட்டாததுமான சிமெண்டு மணற்கலவையை அவ்விடைவெளியிற் கட்டையால் இடித்துத் திணிக்க வேண்டும். இவ்வேலையை மட்டும் பெரியவர் பிறர்க்கு விடவில்லை.

தோண்டிய கரிசல் மலைபோற் குவிந்தது. அதனை என் செய்வது? பாட்டனார் தொழில் இங்கே துணைக்கு வந்தது. கரிசலொடு நீற்றிய சுண்ணாம்பு சேர்ந்தால் அதன் வழுவழுப்பும் வீக்கமும் குறையும். சாலை போடுவோர் இதனை நன்கறிவர். நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு கலந்து பிசைந்து, வீட்டைச் சுற்றி ஐந்தடி அகலத்துக்குப் பரப்பித் திமிசு போட்டு, அதன்மேல் வெளிநோக்கிச் சரியும் தளம் அமைத்தோம். மழைநீர் சுவரடியில் இறங்காது. கோடை வெயிலும் அவ்விடத்து ஈரத்தை உறிஞ்சாது. எம் ஊர் மண்ணுக்கு மருந்து அம்மண்ணின் அடியிலேயே கிடந்தது என்று எழுத மனம் எழுகின்றது. ஆயினும் யாம் வாங்கிய சுண்ணாம்பு அருப்புக்கோட்டைக் கடையில் வாங்கியது.

புதிதாய்க் கட்டுவோர்க்கு இத்துணைத் துன்பம் வேண்டா. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் கரிசலுக்கென்றே 1950களில் ஒரு முறை வகுத்தனர். துளைக்கருவியால் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் மட்டும் தண்டின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு குடைந்து கான்கிரீட் வார்ப்பர். குடத்தின்மேல் நட்ட கம்பம்போல் அது நிற்கும். அவ்வாழத்துக்குக் கீழே மண் பருவந்தோறும் அசைவதில்லை. மேல்மண் பருத்துத் தூக்கினும் அடிக்குடம் விடாது. கம்பங்களின் தலையை இணைக்கும் விட்டம் நிலத்தைத் தொடாமல் மூன்றங்குலம் விலகி நிற்றல் வேண்டும்; மண் எழுந்தால் எழ அஃதிடம். இதனைக் கொத்தனார்க்கு விளக்கினோம். கேட்டுவிட்டு, "நம்ம ஆளுக அந்தச் சந்துல மணலைப் போட்டு அடைச்சிருவாகளே, தம்பி!" என்றார்.

மொத்தச் செலவு 74,000 ரூபாய். இடித்துக் கட்ட நான்கு இலட்சம் கேட்டிருந்தனர். பிளவை மட்டும் அடைக்கவில்லை. ஒரு மழையும் ஒரு கோடையும் கண்ட பின், இரும்புக் கம்பியால் தைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் மூடலாம் என்பது பெரியவர் கட்டளை.

2025 ஐப்பசியில் மழை தொடங்கியது. விடுதியில் இருந்தவாறே இரவில் மழை ஓசை கேட்கும்போதெல்லாம் ஆணிகளை நினைத்துக்கொண்டோம். பொங்கல் விடுமுறையில் ஊர் சென்றதும் பையைக் கூட இறக்காமற் பின்னறைக்குப் போனோம். புதிதாய் ஒட்டிய மூன்று சில்லுகளில் தென்சுவரில் இருந்தது முழுதாய் இருந்தது. கூடுமிடத்தில் இருந்ததும் முழுதாய் இருந்தது. மேற்சுவரில் இருந்ததைக் காணோம். அதனை எம் மருமகன் அகப்பையால் அடித்து எடுத்துவிட்டான் என்றார் அன்னையார். எனவே மேற்சுவரைப் பற்றி இவ்வாண்டு சான்று இல்லை. ஆணிகளை அளந்தோம்: 62½. மே மாதத்தினின்று அரை மில்லிமீட்டர்.

நாட்காட்டி முன்னறைக்குப் போயிருந்தது. பிளவு திறந்தபடியே இருந்தது. அதன் மேல்முனையிற் பென்சிற் கோடுகள் புதியனவாய் நான்கு. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தேதி. தேதிகள் எந்தையார் கையெழுத்தில் இருந்தன.